முற்காலக் கணிப்பொறிகளின் நினைவகம்

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் ஆற்றலை அளந்து கூறுவதோடு அமைதி கொள்வர். முற்காலக் கணிப்பொறிகளைப் பற்றி எழுந்த நூல்களிலும் எத்தனை வால்வுகள், எத்தனை டன் எடை, நொடிக்கு எத்தனை கட்டளைகள் என்னும் எண்களே முன்னிற்கின்றன. அவ்வெண்களுக்கிடையே அக்கருவிகளின் விந்தைப் போக்குகள் சிலவும் நகைச்சுவைக்காக எடுத்துக் காட்டப்பெறும். கழிக்கத் தெரிந்தும் கூட்டத் தெரியாத கணிப்பொறி ஒன்று. பதினெட்டுக் குறிகளுக்கு இடமிருந்தும் பதினேழையே ஆண்ட கணிப்பொறி ஒன்று. எண்களை ஒன்றாம் இலக்கத்திலிருந்து தொடங்கித் தலைகீழாக எழுதிய கணிப்பொறி ஒன்று. இவையெல்லாம் தொடக்க காலத்தாரின் அறியாமையால் நேர்ந்த குறைகள் என்று கருதுவாரும் உளர். அங்ஙனம் கருதுதல் பொருந்தாது. அவற்றுட் பெரும்பாலானவை அக்கருவிகளின் நினைவகம் எப்பொருளால் அமைந்தது என்பதிலிருந்து பிறந்தவை. ஆதலின், இன்று அழிந்துபோன அக்கருவிகளை மீட்டெடுக்க முயல்வார்க்கு அவ்விந்தைகளே தலையாய சான்றுகளாகின்றன. இதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாய்வு இதழ் ஒன்றில் இப்பொருள் இடம் பெறுவது சிலர்க்கு வியப்பைத் தரலாம். மூலம் அழிந்து படிகளே எஞ்சிய நிலையில் மூலத்தின் உருவை உய்த்துணர்தல் நம் துறையார்க்குப் பழகிய பணி. ஏடெழுதினோன் திருத்தி எழுதிய இடத்தைக் காட்டிலும், பொருள் விளங்காமல் இருந்தவாறே பெயர்த்தெழுதிய இடமே மூலத்தை நமக்குக் காட்டிக் கொடுப்பதைப் பதிப்பாசிரியர் பலரும் அறிவர். கணிப்பொறி வரலாற்றிலும் அந்நிலை இன்று தோன்றியுள்ளது. தோன்றி நூறாண்டும் நிரம்பாத ஒரு கருவியினத்திற்கு அது நேர்ந்தது எவ்வாறு என்பது ஆராயத் தக்கது.

முதற்கண் நினைவகம் என்னும் சொல்லைப் பற்றி ஒன்று கூற வேண்டும். 1945 சூன் திங்களில் ஜான் வான் நாய்மான் எழுதிய அறிக்கை வரைவு, கணிப்பொறியின் உறுப்புகளை நரம்பணுக்களோடு ஒப்பிட்டுப் பேசுகின்றது. எண்களைத் தாங்கி நிற்கும் உறுப்பை நினைவு என்னும் பொருள்படும் சொல்லாலேயே குறிக்கின்றது. இங்கிலாந்து நாட்டாரோ நெடுங்காலம் அவ்வுறுப்பைப் பண்டசாலை என்னும் பொருளுடைய சொல்லால் வழங்கி வந்தனர். தமிழில் இன்று நிலைபெற்றிருப்பது முன்னையதன் வழிவந்த சொல். கருவிக்கு மனத்தொழிலை ஏற்றிக் கூறுவது மிகை என்று தோன்றினும், யாம் ஈண்டுக் கூறப்போகும் கருவிகளைப் பொறுத்தவரையில் அதுவே பொருத்தமானது என்பது எம் கருத்து. பண்டசாலையில் வைத்த பொருள் வைத்தவாறே கிடக்கும். அக்காலக் கணிப்பொறியில் வைத்த எண் அங்ஙனம் கிடக்கவில்லை. ஓயாது ஓதிக்கொண்டிருந்தாலன்றி மறந்துபோகும் பாடம் போல, மீண்டும் மீண்டும் எழுதப்பட்டாலன்றி அது நொடிப்பொழுதில் மறைந்தொழிந்தது.

நினைவகத்தின் தேவையை உலகிற்கு உணர்த்தியது எனியாக் என்னும் கணிப்பொறி. 1946 பிப்ரவரியில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அது மக்கள் பார்வைக்கு வெளியிடப்பெற்றது. ஏறத்தாழ 18,000 வால்வுகள் அதன்கண் இருந்தன. ஆயினும், மாறும் எண்களை வைத்துக்கொள்ள அதற்கிருந்த அறைகள் இருபதே. ஒவ்வொன்றும் பத்திலக்க எண் ஒன்றையே தாங்கும். அத்தகைய அறை ஒன்றிற்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட வால்வுகள் செலவாயின. செய்ய வேண்டிய கட்டளைகளோ நினைவிலேயே இல்லை. கம்பிகளை மாற்றிச் செருகியும் விசைகளைத் திருப்பியும் அவற்றை அமைத்தனர். ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்கு மாறுவதற்குச் சில வேளைகளில் நாட்கள் பல ஆயின. கட்டளையையும் எண்ணாகக் கருதி எண்களோடு ஒருங்கே நினைவில் வைத்தால் இவ்விடர் நீங்கும் என்பது அக்குழுவினரிடையே தோன்றிய கருத்து. ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான எண்களைத் தாங்கும் நினைவகம் வேண்டும். வால்வுகளால் அதனை அமைக்கப் புகுந்தால் ஓர் ஊரே போதாது.

விடை போர்க்காலத்து ரேடாரிலிருந்து வந்தது. நிலையாக நிற்கும் மலையினும் கட்டடத்தினும் பட்டு மீளும் எதிரொலியை நீக்கி, இயங்கும் விமானத்தை மட்டும் காட்ட வேண்டுமாயின், ஒரு துடிப்பைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்து அடுத்த துடிப்போடு ஒப்பிட வேண்டும். அங்ஙனம் நிறுத்தி வைக்கப் பயன்பட்டது பாதரசம் நிறைந்த குழாய். குழாயின் ஒரு முனையிலுள்ள குவார்ட்சுப் படிகம் மின்துடிப்பை ஒலியலையாக்கும். அவ்வொலி பாதரசத்தினூடே நொடிக்கு ஏறத்தாழ 1,450 மீட்டர் விரைவிற் சென்று மறுமுனையை அடையும். அங்குள்ள படிகம் அதனை மீண்டும் மின்துடிப்பாக்கும். ஒலி மின்னினும் மிக மெல்லச் செல்வது. அம்மெதுவே இங்கு வேண்டப்பட்டது. மறுமுனையில் வந்த துடிப்பைப் பெருக்கித் திருத்தி முதன்முனையிலேயே திரும்பச் செலுத்தினால், அத்துடிப்பு வரிசை குழாயினுள் முடிவின்றிச் சுழன்றுகொண்டிருக்கும். துடிப்புள்ள இடம் 1, இல்லாத இடம் 0. பிரெஸ்பர் எக்கர்ட் என்பார் ரேடார்க் கருவியாகிய இதனையே நினைவகமாக்கலாம் எனக் கண்டார். நினைவு என்பது இங்கு ஓரிடத்தில் இருப்பதன்று, ஓடிக்கொண்டிருப்பது. குழாயை எவ்விடத்தில் நிறுத்திப் பார்ப்பினும் அங்கு எழுத்தில்லை, ஒலியே உண்டு.

இம்முறையில் வெப்பநிலை பெருந்தொல்லை தந்தது. பாதரசம் சூடேறினால் ஒலியின் விரைவு மாறும். துடிப்புகள் வரவேண்டிய காலத்தில் வாரா. ஆகவே குழாய்களை வெப்பம் மாறாத பேழைகளுள் வைத்துக் காத்தனர். ஆலன் தூரிங், பாதரசத்திற்கு மாற்றாக ஜின் என்னும் மதுவைக் கூறினாராம். அதில் நீரும் சாராயமும் கலந்திருக்கும் அளவு, அறை வெப்பநிலையில் ஒலியின் விரைவு மாறாதிருப்பதற்கு ஏற்றது என்பது அவர் கூறிய காரணம் என்று மாரிஸ் வில்க்ஸ் 1967-ஆம் ஆண்டுப் பேருரையில் நினைவு கூர்ந்துள்ளார். பலரும் இதனை வேடிக்கையாகவே எடுத்துரைப்பர். எமக்கோ இதன்கண் ஒரு பொறியாளரின் நேர்மையான கவலை தெரிகின்றது. மதுக்கடையிற் கிடைப்பதாயினும் மாறாத விரைவு தரும் பொருள் எங்கேனும் உண்டா என்பதே அக்காலத்தின் வினா.

பாதரச நினைவகத்தை நாள்தோறும் பயன்படும் கருவியாக்கிய பெருமை கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்து எட்சாக் என்னும் கணிப்பொறியைச் சாரும். அதனை அமைத்த குழுவின் தலைவர் வில்க்ஸ். 1946 மே மாதத்தில் வான் நாய்மானின் வரைவு ஓர் இரவுக்கு மட்டும் அவர் கைக்குக் கிட்டியது. படியெடுக்கும் பொறி அக்காலத்தில் அவர்க்கு வாய்க்காமையின் இரவெல்லாம் விழித்துப் படித்து முடித்தார். பாதரசக் குழாயை அமைப்பதில், பின்னாளில் வானியலறிஞராகப் புகழ் பெற்ற தாமஸ் கோல்டு அவர்க்குத் துணை நின்றார். 1949 மே 6-ஆம் நாள் எட்சாக் தன் முதற் கணக்கைச் செய்தது. 0 முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்கங்களை அட்டவணையாக அச்சிட்டுத் தந்தது. ஏறத்தாழ 3,000 வால்வுகளும் 12 கிலோவாட் மின்சாரமும் அதற்கு வேண்டப்பட்டன. முழுமையுற்ற நிலையில் ஐந்தடி அளவினவாகிய 32 குழாய்கள், குழாய் ஒன்றிற்கு 32 சொற்களாக, 1,024 சொற்களைத் தாங்கின. சொல் என்பது ஈண்டு ஓர் எண்ணோ ஒரு கட்டளையோ அடங்கும் அளவு.

இச்சொல்லின் நீளத்திலேதான் மேற்கூறிய விந்தைகளுள் ஒன்று உள்ளது. குழாயில் ஒரு சொல்லுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 18 குறிகள். ஆனால் காலக்கணக்கின் இடர்ப்பாட்டால் அவற்றுள் தலைக்குறி பயன்படாது போயிற்று, எஞ்சியவை 17. இரண்டு சொற்களை இணைத்து ஒரு நெடுஞ்சொல் ஆக்கும்போது 34 குறிகளே கிட்டும் என்று எதிர்பார்ப்போம். கிட்டியனவோ 35. இரண்டு குறுஞ்சொற்களுக்கு இடையே வீணாய்க் கிடந்த குறி, அவை இணையும்போது உயிர் பெற்றுவிடுகின்றது. இரு சொற்கள் புணருமிடத்து இடையில் ஓர் எழுத்துத் தோன்றுதல் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. எனினும் கணக்கில் அத்தகைய தோன்றல் விகாரத்தைக் காண்பது புதிதே. வகுத்தற்கு எட்சாக்கில் தனிக் கட்டளை இல்லை. வகுத்தலைச் செய்யும் நிரலை எழுதிக்கொள்ள வேண்டும். வேலையை நிறுத்தி மணியடிப்பதற்கோ தனிக் கட்டளை இருந்தது.

எண்கள் தலைகீழாய் வருதலும் இங்கிருந்தே விளங்கும். குழாயிலிருந்து குறிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே வெளிவரும். கூட்டலோ ஒன்றாம் இலக்கத்திலிருந்து தொடங்கி, மேற்செல்லும் எண்ணை அடுத்த இலக்கத்திற்குக் கொண்டுசெல்வது. ஆதலின் ஒன்றாம் இலக்கமே முதலில் வெளிவர வேண்டும். அங்ஙனம் வந்தால் ஒரே ஒரு குறியைக் கூட்டவல்ல சிறு சுற்று, எத்துணை நீண்ட எண்ணையும் கூட்டிவிடும். வால்வுகள் நூற்றுக்கணக்கில் மிஞ்சும்.

கட்டளையும் எண்ணும் ஒரே நினைவகத்தில் இருந்தமையால், கட்டளையின் மீதே கணக்கிடுதல் இயல்வதாயிற்று. எண்களின் நீண்ட வரிசையைக் கூட்ட விரும்புவோர், அடுத்த எண் இருக்குமிடத்தைச் சுட்டுவதற்குக் கட்டளையிலுள்ள இடவெண்ணோடு ஒன்றைக் கூட்டி, மாறிய கட்டளையை மீண்டும் செய்யுமாறு எழுதினர். டேவிட் வீலர் வகுத்த துணைநிரல் முறையும் இத்தகையதே. அழைத்த இடத்திற்குத் திரும்பிச் செல்லும் கட்டளையைத் துணைநிரலே தனக்குத்தான் எழுதிக்கொள்ளும். வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் 1951-இல் வெளியிட்ட நூல் இம்முறைகளைத் தொகுத்துரைத்தது. நிரல் எழுதுதல் பற்றிய முதல் நூலாக அதனைக் கொள்வர். படிக்கப் படிக்க மாறும் பாடமாகிய அந்நிரல்களில் பிழை காண்டல் எத்துணை அரிது என்பதை எண்ணிப் பார்க்கலாம். தம் வாழ்நாளின் பெரும்பகுதி இனித் தம் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியும் என்னும் உண்மை 1949-இல் ஒருநாள் படியேறும்போது தமக்குப் புலப்பட்டதாக வில்க்ஸ் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

இனி மான்செஸ்டருக்கு வருவோம். அங்கு நினைவகம் வேறு பொருளால் அமைந்தது. ரேடார் ஆய்வில் ஈடுபட்டிருந்த பிரெடரிக் வில்லியம்ஸ் 1946 இறுதியில் அப்பல்கலைக்கழகத்திற்கு வந்தார். டாம் கில்பர்ன் அவருடன் இணைந்து உழைத்தார். ரேடார்த் திரையாகப் பயன்பட்ட கதிர்க்குழலின் கண்ணாடி முகத்தில் எலெக்ட்ரான் கற்றை படும் இடத்தில் சிறு மின்னேற்றம் ஒன்று தங்கும். அப்புள்ளிகளையே எழுத்தாகக் கொண்டனர். பாதரசத்தில் வேண்டிய எண் சுற்றி வருமளவும் காத்திருக்க வேண்டும்; இங்கோ எப்புள்ளியையும் நினைத்தவுடன் அணுகலாம். ஆனால் மின்னேற்றம் ஒரு நொடியின் சிறு கூறளவே நிற்கும். ஆகவே ஒவ்வொரு வரியையும் ஓயாது படித்துப் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டேயிருக்க வேண்டியதாயிற்று. குழலின் முகத்தை உலோகத் தகடு மூடியிருந்தமையின் உள்ளிருப்பதைக் கண்ணாற் காண இயலாது. அதனோடு இணைந்தியங்கிய மற்றொரு குழலில் அதே புள்ளிகள் ஒளிவிட்டன. நினைவகத்தின் உள்ளடக்கத்தை மாந்தர் கண்ணாற் கண்டு படிக்க இயன்றது இவ்வகைக் கருவியில்.

இந்நினைவகம் நம்பத் தக்கதா என்று சோதிக்கவே 1948-இல் ஒரு சிறு கணிப்பொறியைக் கட்டினர். குழந்தை என்பது அதன் செல்லப் பெயர். இவ்வரிசையை வரலாற்று நூல்கள் பல தெளிவுறக் கூறுவதில்லை. கணிப்பொறிக்காக நினைவகம் தோன்றியது எனப் பொதுவாகச் சொல்வர். இங்கோ நினைவகத்தின் பொருட்டே கணிப்பொறி தோன்றியது. அதனை உணர்ந்தால் அதன் எளிமை வியப்பைத் தராது. சொல் ஒன்றிற்கு 32 குறியாக 32 சொற்களே அதன் நினைவகம். ஏழு கட்டளைகளே உண்டு. கூட்டல் இல்லை, கழித்தலே உண்டு. நினைவகத்திலுள்ள எண்ணை எடுத்துவரும் கட்டளையும் அதன் எதிரெண்ணையே எடுத்துவரும். இரண்டெண்களைக் கூட்ட வேண்டுவோர் ஒன்றன் எதிரெண்ணிலிருந்து மற்றொன்றைக் கழித்து, விடையின் எதிரெண்ணைக் கொள்வர். நினைவகத்தைச் சோதிப்பதற்குக் கழித்தல் போதும். கூட்டலுக்கெனத் தனிச் சுற்று வீண் செலவு. ஆறு என்னும் எண் திரையில் 011 என்றே தோன்றும், ஒன்றாம் இலக்கம் இடப்புறம் நிற்றலின். பிற்காலத்து மான்செஸ்டர்க் கணிப்பொறிக்குத் தூரிங் எழுதிய 1951-ஆம் ஆண்டுக் கையேடும் இத்தலைகீழ் முறையையே பின்பற்றியது. குழந்தையில் நிரலின் ஓரிடத்திற்குத் தாவச் சொல்லுங்கால் அவ்விடத்திற்கு ஒன்று குறைந்த எண்ணைத் தரவேண்டும் என்பது மற்றொரு விந்தை. இவ்வொன்றை நினைவகத்தின் மேல் ஏற்றிக் கூறுதற்கில்லை. கட்டளையை எடுக்குமுன்னரே வரிசையெண் ஒன்று கூடிவிடுதலே அதன் காரணம்.

1948 சூன் 21-ஆம் நாள் இக்கருவி, நினைவில் வைத்த நிரலைத் தானே இயக்கி முதன்முதலாகச் சரியான விடை தந்தது. ஓர் எண்ணின் மிகப் பெரிய காரணியைக் காணுதற்குக் கில்பர்ன் எழுதிய 17 கட்டளைகள் கொண்ட நிரல் அது. முதலிற் சிறிய எண்களையே அதற்குத் தந்தனர். சில நாட்களின் பின்னரே 2-இன் பதினெட்டாம் அடுக்கைத் தந்தனர். 52 நிமிடம் ஓடி, ஏறத்தாழ 21 இலட்சம் கட்டளைகளைச் செய்து, 131072 என்னும் விடையைக் காட்டிற்று. இவ்விரண்டையும் ஒரே நாளின் நிகழ்ச்சியாக்கிக் கூறுவார் கூற்று திருத்தத் தக்கது. அவ்விடை இரண்டால் வகுத்து எவரும் மனத்தாற் காணத்தக்கது என்பது உண்மையே. ஆனால் அவர்கள் சோதித்தது விடையை அன்று. 52 நிமிடம் ஒரு புள்ளியும் மறையாமல், ஒரு புள்ளியும் புதிதாய்த் தோன்றாமல் நினைவகம் நின்றதே, அதனையே சோதித்தனர்.

இங்கே பதிப்பாசிரியர் கண்ணுக்குரிய செய்தி ஒன்றுண்டு. அம்முதல் நிரலின் மூலப் பாடம் கிடைத்திலது. குழுவைச் சேர்ந்த ஜெஃப் டூட்டில் என்பாரின் குறிப்பேட்டில் 1948 சூலை 18-ஆம் நாளிட்ட பாடம் ஒன்று உள்ளது. அதன் தலைப்பிலேயே திருத்தப்பட்டது என்னும் சொல் உள்ளது. ஆகவே நமக்குக் கிடைத்திருப்பது மூலமன்று, திருந்திய பாடம். அதனையும், அக்கருவியின் இயல்பையும், பங்குற்றோர் நினைவையும் கொண்டு பிற்காலத்தில் முதற்பாடம் உய்த்துணரப்பட்டது. நினைவில் நிரலை வைத்து இயக்கும் முறையே அன்றுதான் பிறந்தது. பிறந்த அன்று நினைவில் இருந்த பாடமோ மின்னேற்றமாய் மறைந்தது.

நினைவகத்தின் இயல்பறிந்து நிரலை அதற்கேற்ப அடுக்கும் கலை, இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் தூரிங்கின் திட்டத்தைத் தழுவி எழுந்த பைலட் ஏஸ் என்னும் கணிப்பொறியில் ஓங்கியது. 1950 மே 10-இல் அது தன் முதல் நிரலை இயக்கிற்று. பாதரசக் குழாயில் எண் சுற்றி வருமளவும் காத்திருத்தல் காலக்கேடு. ஆகவே ஒரு கட்டளை முடியும் நொடியில் எச்சொல் குழாயின் வாயிலில் வந்து நிற்குமோ அவ்விடத்தில் அடுத்த கட்டளையை வைத்தனர். ஒவ்வொரு கட்டளையும் தன்னை அடுத்தது எங்குள்ளது என்பதையும் உடன் கூறிற்று. வரிசையாக எழுதுதல் அங்கு வழக்கன்று. ஏட்டில் அடுத்தடுத்து நிற்பன பொருளால் அடுத்தடுத்து நில்லா.

சுழலும் காந்த உருளையை நினைவகமாகக் கொண்ட கணிப்பொறிகளில் இக்கலை மேலும் வளர்ந்தது. 1954-இல் வெளிவந்த ஐ.பி.எம். 650-இன் உருளை நிமிடத்திற்கு 12,500 முறை சுழன்றது. 2,000 சொற்களைத் தாங்கிற்று. கட்டளைகளை உருளையில் ஏற்ற இடத்தில் தானே பரப்பித் தருவதற்கென்றே ஒரு நிரல் அதற்கு எழுதப்பட்டது. அத்தகைய துணையை வேண்டாது தம் கையாலேயே இடம் பார்த்து எழுதிய ஒருவரைப் பற்றி எட் நேதர் என்பார் 1983-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பு புகழ் பெற்றது. ஒரு கட்டளைச் சுழலில் அதிலிருந்து வெளியேறும் சோதனையே காணப்படவில்லையாம். இடவெண் வளர்ந்து வளர்ந்து எல்லை கடக்குங்கால் கட்டளையே வேறொன்றாக மாறி வெளியே தாவிவிடுமாறு அவர் எழுதியிருந்தாராம். உரைநடையாய் எழுதப்பட்ட அக்குறிப்பு கைமாறிப் பரவுகையில் யாரோ ஒருவரால் வரி மடக்கப்பெற்றுப் பாட்டின் உருவம் கொண்டது. மூலத்தை உரைநடை என அறியாது கவிதையாகவே படித்தோர் பலர்.

உருளைக் கணிப்பொறிகளுள் எல்.ஜி.பி.-30 என்பது 4,096 சொற்களும் 113 வால்வுகளும் உடைய சிறிய கருவி. வானிலையறிஞர் எட்வர்ட் லாரன்ஸ் 1961-இல் அதனைக் கொண்டு வானிலைச் சமன்பாடுகளை ஆராய்ந்துவந்தார். முன்பு ஓடிய கணக்கு ஒன்றை இடையிலிருந்து மீண்டும் தொடங்க விரும்பி, அச்சிட்ட தாளிலிருந்த எண்களைப் பெயர்த்தெழுதி உள்ளிட்டார். நினைவகத்தில் இருந்தது 0.506127, தாளில் அச்சானது 0.506. இடம் கருதி மூன்று இலக்கங்களையே அச்சிடுமாறு அமைத்திருந்தார். சிறிது நேரத்தில் புதிய கணக்கு பழையதிலிருந்து விலகி, முற்றும் வேறாகிய வானிலையைக் காட்டிற்று. கருவி பழுதுற்றதென்றே முதலில் அவர் ஐயுற்றார். தொடக்கத்திலுள்ள மிகச் சிறு வேறுபாடு முடிவில் பெருவேறுபாடாய் விரிதலை இதிலிருந்து கண்டு 1963-இல் வெளியிட்டார். ஒரு படிக்கும் மூலத்திற்கும் இடையே விடுபட்ட மூன்று இலக்கங்களால் ஓர் அறிவுத்துறை வளம் பெற்றது என்று கூறினால் மிகையாகாது.

மறத்தலை இயல்பாகக் கொண்ட நினைவகங்களின் காலம் பெர்ரைட் வளையங்களின் வரவோடு முடியலாயிற்று. ஊசித்துளை அன்ன சிறு காந்த வளையங்களின் ஊடே கம்பிகளைக் கோத்து அமைப்பது அது. மின்சாரம் நின்றாலும் எழுதியது நிற்கும். எனினும் பழைய குணம் ஒன்று அதனையும் விட்டகலவில்லை. வளையத்தைப் படித்தால் அதிலிருந்தது அழியும். படித்தவுடன் திரும்ப எழுத வேண்டும். இதற்கு வழி கண்டவருள் ஒருவர் சாங்காயிற் பிறந்த ஆன் வாங். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் 1953-இல் தம் வேர்ல்விண்ட் கணிப்பொறியில் கதிர்க்குழல்களை நீக்கி வளையங்களை வைத்தனர். நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் நினைவகத்தைப் பழுதுபார்த்து வந்தவர்க்கு அதன்பின் வாரத்திற்கு இரண்டு மணிநேரம் போதியதாயிற்று. நம் நாட்டிலும் இம்மாற்றத்தைக் காணலாம். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1955-இல் இங்கிலாந்திலிருந்து பெற்ற கணிப்பொறி காந்த உருளை நினைவகம் உடையது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தாமே கட்டி 1960-இல் இயக்கத்திற்குக் கொணர்ந்த டிஃப்ராக்கோ 2,048 சொற்களைத் தாங்கும் வளைய நினைவகம் உடையது. அதன் ஆக்கத்தில் முன்னின்ற நரசிம்மன் சென்னையிற் பிறந்தவர். 1969-இல் நிலவிற்குச் சென்றோர் கலத்தின் கணிப்பொறியில் நிரல் கம்பியாலேயே நெய்யப்பட்டது. கம்பி வளையத்தினூடே சென்றால் 1, புறத்தே சென்றால் 0. மாசசூசெட்ஸில் தொழிற்சாலை மகளிர் கையால் நெய்தனர். இழைக்கும் ஏட்டுக்கும் நூல் என ஒரே சொல்லை வழங்கும் மொழியார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

நினைவகத்திற்காக இத்துணை உழைத்த தலைமுறை தன் கருவிகளைப் போற்றி வைக்கவில்லை. குழந்தை, அடுத்த கணிப்பொறியாகச் சில திங்களிலேயே வளர்த்து மாற்றப்பட்டது. எட்சாக் 1958 சூலை 11-ஆம் நாள் நிறுத்தப்பட்டுப் பிரிக்கப்பட்டது. எஞ்சியவை சில தட்டுகளே. 1951-இல் 79 இலக்கமுள்ள பகா எண்ணைக் கண்டு தந்ததும், ஜான் கெண்ட்ரூவின் புரத ஆய்வுக்குத் துணை நின்றதும் அக்கருவியே. இடம் வேண்டும் என்பதே அதனைப் பிரித்ததற்குரிய காரணம். வீட்டில் இடமில்லை என்று ஏடுகளை ஆற்றில் விட்ட செய்திகளைக் கேட்டு வளர்ந்த நம் துறையார்க்கு இஃது அயலதாய்த் தோன்றாது. பைலட் ஏஸ் இலண்டன் அறிவியல் காட்சிச்சாலையில் முழுமையாகக் காக்கப்பட்டிருப்பது விதிவிலக்கு.

மீட்டெடுக்கும் பணி பின்னரே எழுந்தது. குழந்தையின் படி ஒன்றைக் காலத்திற்கொத்த வால்வுகளையும் கதிர்க்குழல்களையும் தேடிக் கொணர்ந்து கட்டி, 1998 சூன் 21-இல், ஐம்பதாண்டு நிறைவு நாளில், இயக்கினர். எட்சாக்கின் படியை அமைக்கும் பணி 2011-இல் தொடங்கிற்று. ஒளிப்படங்களையும் அறிக்கைகளையும் கொண்டு சுற்றுகளை உய்த்துணர்ந்து கட்டி வருகையில், 2014-இல் பழைய சுற்று வரைபடங்கள் 19 கிடைத்தன. உய்த்துணர்ந்தவை பெரும்பாலும் சரியென அவை காட்டின. 2015-இல் மூலக் கருவியின் தட்டு ஒன்று அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தது. ஒளிப்படம் ஒரு வால்வு எங்கு நின்றது என்பதைக் காட்டும். எந்நொடியில் துடித்தது என்பதைக் காட்டாது. அதனைக் காட்டுவன அக்காலத்து நிரல்களும், அவற்றில் ஏறியிருக்கும் விந்தைகளுமே. பதினேழு குறிகளுக்கென எழுதிய நிரல் பதினெட்டுக் குறியுள்ள கருவியில் ஓடாது. ஆதலின் படியமைப்போன் அக்குறையைத் திருத்துதல் கூடாது.

ஆனால் பாதரசத்தை அவர்கள் கைவிட நேர்ந்தது. அதன் நச்சுத்தன்மையும் விலையும் கருதி, ஒலியைத் தாங்குதற்கு நிக்கல் கம்பிகளை வைத்தனர். பாதரசம் இல்லாத எட்சாக் எட்சாக் ஆகுமோ என்னும் வினா எழுவது இயல்பே. ஓலையிலிருந்து தாளுக்குப் பெயர்த்த நூலை அந்நூலன்று என நாம் சொல்வதில்லை. ஆயினும் ஓலையின் அகலத்தால் அமைந்த வரியளவு முதலியவற்றைத் தாளில் காட்டாத பதிப்பைக் குறையுடையதென்றே கொள்வோம். புதிய எட்சாக்கில் நிக்கல் கம்பியினூடே ஒலி ஓடுகின்றது. சொல்லின் நீளமோ பழையபடி பதினேழு குறி. இரு சொற்கள் இணையுமிடத்து இடையில் தோன்றும் அந்த ஒரு குறியும் பழையபடியே தோன்றுகின்றது.